மாணவர் விவகாரப் பிரிவில் பணியாற்றுபவர் வளர்வது எப்படி

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில், நாம் எல்லாரும் எச்.இ.பி. என்று சொல்லிப் பழகிவிட்ட அந்த அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளும் வளர்ச்சி என்பது நடத்திய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை என்றே நினைத்திருந்தேன். கெர்தாஸ் கெர்ஜா எனப்படும் நிகழ்ச்சி முன்மொழிவை எழுதுவது, மண்டபம் பதிவு செய்வது, பிரமுகரை அழைப்பது, முடிந்த பிறகு படங்களோடு அறிக்கை அனுப்புவது என்று ஆண்டு ஓடிவிடும். பதவி உயர்வு நேர்காணலிலும் அந்தப் பட்டியலைத்தான் ஒப்பித்தேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர், பி.டி.பி.டி.என். எனப்படும் அரசின் உயர்கல்விக் கடன் பட்டுவாடா நின்றுபோன ஒரு மாணவர் உங்கள் மேசைக்கு வந்தால் முதல் மூன்று நாள்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நிதிப் பிரிவுக்கு அனுப்புவேன் என்றேன். "பிறகு?" என்றார். பிறகு என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்விக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இது. முதலில், பணம் ஏன் நின்றது என்பதை மாணவருடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: தேர்ச்சிப் புள்ளி குறைந்ததாலா, பதிவுநிலை கடன் வாரியத்தின் கணினியில் புதுப்பிக்கப்படாததாலா, வங்கிக் கணக்கில் சிக்கலா என்பதைப் பொறுத்து வழி மாறும். அடுத்து, விடுதிக் கட்டணத்தையும் தேர்வு நுழைவுச் சீட்டையும் பிடித்து வைக்காமல் இருக்க அவகாசக் கடிதம் வாங்க வேண்டும். அதே நாளில், அவர் நேற்று இரவு சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். பல வளாகங்களில் அவசர உதவி என்றதும் ஊழியர்கள் முஸ்லிம்கள் கடமையாகச் செலுத்தும் ஸகாத் நிதியைத்தான் முதலில் சொல்வார்கள். அது முஸ்லிம் மாணவர்களுக்கு உரியது என்பதால், முஸ்லிம் அல்லாத மாணவருக்கு நலநிதி, முன்னாள் மாணவர் நிதி, இந்தியச் சமூகத்தினருக்காக 1984இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. போன்ற கல்வி அமைப்புகள் ஆகிய வேறு வாசல்களை அதிகாரி முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள், பணம் வந்ததா இல்லையா என்று நாமே அழைத்துக் கேட்க வேண்டும். இந்த விடையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்கவில்லை. வந்த வழக்குகளை எழுதி வைக்கத் தொடங்கிய பிறகுதான் கற்றேன். ஆகவே, புதிதாக வரும் இளைய சக ஊழியர்களிடம் முதலில் நான் சொல்வது, ஒரு குறிப்பேடு வாங்குங்கள் என்பதுதான்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு வழக்குக்கும் அரைப் பக்கம் போதும். மாணவர் தன் வாயால் சொன்ன சொற்கள், அவர் சொல்லாமல் நாமாக ஊகித்துக்கொண்டது, நாம் எடுத்த முடிவு, யாரிடம் அனுப்பினோம் என்ற விவரம் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஐந்தாவதாக ஒரு வரியைக் காலியாக விட்டு, ஆறு வாரம் கழித்து நடந்ததை அங்கே நிரப்ப வேண்டும். நம் ஊகமும் பின்னர் நடந்ததும் பொருந்தாமல் போகும் இடங்களில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பெயர், மெட்ரிக் எண் எனப்படும் மாணவர் பதிவு எண், ஊர், அறை எண் எதையும் எழுதக் கூடாது. அலுவலகக் கோப்பு வேறு, உங்கள் குறிப்பேடு வேறு. தனியார் கல்லூரிகளில் பணியாற்றுவோரை 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. அரசுத் துறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்ற காரணத்தைக் காட்டி, மாணவரின் வீட்டு நிலைமையை வாட்ஸ்அப் குழுவில் பகிரும் பழக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சட்டம் தடுக்காவிட்டாலும் அது செய்யக் கூடாத வேலை.

பருவ முடிவில் ஒரு பிற்பகலை ஒதுக்கிக் குறிப்பேட்டை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு முறை அப்படி வாசித்தபோது, காலை வகுப்புக்கு வராததால் என்னிடம் அனுப்பப்பட்ட மாணவர்களில் பலர் ஏழாம், எட்டாம் வாரங்களில் வந்திருந்ததைக் கண்டேன். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தபோது பொறுப்பின்மை என்றே எழுதியிருந்தேன். சேர்த்து வாசித்தபோதுதான், கையிருப்பு தீரும் வாரங்களில் அவர்கள் இரவு நேரப் பொட்டலம் பிரிக்கும் வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் போய் வந்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. அடுத்த பருவம் நேர மேலாண்மைப் பட்டறைக்கு ஒதுக்கியிருந்த தொகையின் ஒரு பகுதியை ஆறாம் வார உணவுக் கூப்பன்களுக்கு மாற்றச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதினேன். உடனே ஒப்புதல் கிடைத்துவிடவில்லை. அடுத்த ஆண்டுதான் கிடைத்தது.

சட்டத்தை மூலத்திலேயே வாசியுங்கள்

நம் துறையில் பலர் சட்டத்தைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். "ஆக்கு அனுமதிக்காது" என்று ஒருவர் சொல்வார், அடுத்தவரும் அதையே சொல்வார். ஆக்கு எனப்படும் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971இல் வந்தது. 1974ஆம் ஆண்டு இறுதியில் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டார விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியதை அடுத்து, 1975இல் அது இறுக்கப்பட்டது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் களத்துக்குச் சென்றதற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் (யு.கே.எம்.) நான்கு மாணவர்களின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபரில் அச்சட்டத்தின் ஒரு உட்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் ஒரு திருத்தமும், 2018 இறுதியில் இன்னொரு திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின; முன்னது மாணவர்கள் கட்சிகளில் சேர வழிவிட்டது, பின்னது வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கியது. இதற்குப் பின்னும், ஒரு கருத்தரங்கிற்கு அரசியல்வாதி வருகிறார் என்றதும் இருபது ஆண்டுக்கு முந்தைய அச்சத்தோடு கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரிகள் உண்டு. வாக்களிக்கும் வயது 18 ஆகிவிட்ட நாட்டில், முதலாம் ஆண்டு மாணவரும் வாக்காளர்தான்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர் 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தையும், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யு.ஐ.டி.எம்.இல் இருப்பவர் 1976இல் அதற்கென இயற்றப்பட்ட சட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கு இருந்தாலும், உங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளை முதல் மாதத்திலேயே ஒரு வரி விடாமல் வாசித்துவிடுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்தல், மாணவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பளித்தல், புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்பவராக அமராதிருத்தல் ஆகிய மூன்றையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரியை மாணவர்கள் தண்டனை பெற்ற பின்னும் மதிப்பார்கள். 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தையும் வாசித்து வையுங்கள். புகாரோடு வரும் மாணவிக்கு உள்விசாரணையைத் தவிர தீர்ப்பாயம் என்ற வழியும் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்

மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்துகொண்டவரைத் தவிர வேறு யாரும் கவுன்சலர் என்ற பெயரில் இயங்க முடியாது. மாணவர்கள் நம்மிடம் அழுகிறார்கள், நாம் கேட்கிறோம், அவர்கள் தெளிவடைந்து போகிறார்கள் என்பதால் நாமும் ஏறக்குறைய கவுன்சலர்தான் என்ற மயக்கம் இந்த வேலையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஒரு மாணவியின் மனச்சோர்வை இரண்டு மாதம் நானே கையாண்டேன்; தே தாரிக் வாங்கிக் கொடுத்து, கதை சொல்லி, கோவிலுக்கு அழைத்துப்போய். அவளுக்கு அப்போது தேவைப்பட்டது மருத்துவர். அவள் பிழைத்துத் தேறிப் பட்டமும் பெற்றாள் என்பதால் இதை இங்கே எழுத முடிகிறது.

அனுப்பி வைக்கத் தெரிவது ஒரு தனித்திறன், அதைப் பயிற்சி செய்யவும் வேண்டும். வளாகக் கவுன்சலரின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலோர் போக மாட்டார்கள். "நான் உங்களோடு அந்த வாசல் வரைக்கும் வருகிறேன், உள்ளே நீங்கள் மட்டும் போங்கள்" என்று சொல்லி நடந்து சென்றால் போவார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். இரவில் பேச ஆள் தேவைப்படும்போது 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி ஆதரவுச் சேவை இருக்கிறது, சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான 15555 என்ற ஹீல் எண்ணும் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் இன்னும் வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இந்திய மாணவர்களின் அதிகாரி ஆகிவிடுதல்

தமிழர்களாகிய நாம் மட்டும் சந்திக்கும் ஒரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நீங்கள் ஒருவரே இந்தியராகவோ இருவரில் ஒருவராகவோ இருப்பீர்கள். தீபாவளி இரவு, பொங்கல் விழா, தைப்பூசத்தை ஒட்டி வைக்கப்பட்ட தேர்வு பற்றிய முறையீடு, தமிழ்ப் பேரவையின் கோப்பு, விடுதியில் இரண்டு இந்தியப் பையன்கள் போட்டுக்கொண்ட சண்டை, எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். தொடக்கத்தில் இது பெருமையாகவே இருக்கும். மாணவர்கள் மேடம் என்று தொடங்கி, இரண்டாம் சந்திப்பில் அக்கா என்று அழைக்கத் தொடங்குவார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த தாய் ஒருவர் தொலைபேசியில் டீச்சர் என்று கூப்பிட்டு, நம் மொழியில் பேச ஒருவர் இருக்கிறாரே என்று நிம்மதி அடைவார். அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

ஆனால் எட்டு ஆண்டு கழிந்தும் அதே மேசையில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். மாணவர் பேரவைத் தேர்தலை நடத்துவது, ஒழுங்கு விசாரணைக்குச் செயலராக அமர்வது, மாற்றுத்திறனாளி மாணவர் சேவையைக் கட்டியமைப்பது, வரவுசெலவுத் திட்டம் போடுவது ஆகியவை உங்களைத் தாண்டிப் போயிருக்கும். நேர்காணலில், கலாசார நிகழ்ச்சி அனுபவம் நிறைய உள்ளது, நிர்வாக அனுபவம் போதாது என்று எழுதுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று இதைச் சொல்ல முடியாது. இந்திய மாணவர் என்றால் இவரிடம் அனுப்பு என்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது, நமக்கும் வசதியாக இருந்தது.

இதிலிருந்து விலகுவதற்கு, தமிழ்ப் பேரவையைக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் இலக்குகளை எழுதும்போது, இனம் சாராத ஒரு பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் ஆண்டுப் பணியிலக்குப் படிவத்தில் எழுதுங்கள். நான் கேட்டு வாங்கியது ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி மாணவர் சேவை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு சீன மாணவருக்காக விரிவுரை மண்டபத்தின் வழியை மாற்றப் பொறியியல் பிரிவோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டியபோது கற்றதை, பத்துத் தீபாவளி இரவுகள் எனக்குக் கற்பிக்கவில்லை. கூடவே, இந்திய மாணவர் பற்றிய அறிவைச் சக ஊழியர்களிடமும் கொடுங்கள். தைப்பூசம் எந்த மாதங்களில் விழும், பினாங்கில் படிக்கும் மாணவர் காவடி எடுக்கிறார் என்றால் விரதம் எத்தனை நாள் இருக்கக்கூடும், தண்ணீர்மலைக்கு நடந்து சென்று திரும்பியவரை மறுநாள் காலைத் தேர்வில் உட்கார வைப்பது எப்படி இருக்கும் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் மலாயில் எழுதி நாட்காட்டி தயாரிக்கும் குழுவிடம் கொடுத்துவிட்டால், ஆண்டுதோறும் நீங்கள் ஓட வேண்டியதில்லை.

பெற்றோரின் அழைப்பிலும் எச்சரிக்கை தேவை. "டீச்சர், எம்பொண்ணு ஒழுங்கா கிளாஸுக்குப் போறாளா?" என்று கேட்கும் தாயிடம், உங்களை நம்பித்தானே அனுப்பினோம் என்ற தொனி இருக்கும். இந்நாட்டில் 18 வயது நிறைந்தவர் பெரியவர். அவருடைய வருகைப் பதிவையும் மருத்துவ விவரத்தையும் அவர் ஒப்புதலின்றித் தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. நான் சொல்வது இப்படி: "அம்மா, உங்க மகள நான் இன்னிக்குக் கூப்பிட்டுப் பேசுறேன், அவங்களே உங்களுக்குப் போன் பண்ணுவாங்க." அன்று மாலைக்குள் அந்த மாணவியை அழைத்துப் பேசியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அந்தத் தாய் நம்பமாட்டார்.

கோட்பாடு எவ்வளவு வேண்டும்

வேலையில் சேர்ந்த பிறகு கோட்பாடு எதற்கு என்று கேட்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். இத்துறையின் பெரும்பாலான சிந்தனை அமெரிக்க வளாகங்களில் பிறந்தது. மாணவரை அறிவாக மட்டும் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்ற அறிக்கையை அங்குள்ள கல்வி மன்றம் வெளியிட்டது 1937இல். அவற்றுள் இரண்டு கருத்துகள் எனக்கு அன்றாடம் பயன்படுகின்றன. நெவிட் சான்ஃபோர்ட் சொன்னது: சவாலும் ஆதரவும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் மாணவர் வளர்வார். பெற்றோரைப் போல் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுக்கும்போதும், எதையும் செய்யாமல் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும்போதும் அந்த ஈடு கெடுகிறது. நான்சி ஷ்லாஸ்பெர்க் சொன்னது: தான் இல்லாவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்ற உணர்வு ஒருவருக்கு இருக்க வேண்டும். மூன்று வாரமாக விடுதி உணவகத்தில் காணப்படாத மாணவரை யார் முதலில் கவனித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உணவகம் நடத்தும் அக்காவாக இருப்பார். அவரோடு பழகி வையுங்கள்.

அமெரிக்காவின் இரு பெரிய மாணவர் விவகாரச் சங்கங்களான ஆக்பாவும் நாஸ்பாவும் சேர்ந்து 2015இல் புதுப்பித்த தொழில்திறன் பட்டியலில் பத்துப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பத்திலும் தங்களுக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டு சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். சட்டமும் நிர்வாகமும் ஓராண்டு, மதிப்பீடும் ஆய்வும் அடுத்த ஆண்டு என்று நான் போனேன். சமூகநீதி பற்றிய பிரிவை மட்டும் அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் வளாகங்களில் கேள்விகள் இனம், மதம், மொழி, மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா என்ற நுழைவு வழி ஆகியவற்றைச் சுற்றியே எழுகின்றன. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 1988 முதல் ஆப்சா என்ற சங்கம் இருக்கிறது. அதன் மாநாடுகளில் ஹாங்காங், பிலிப்பீன்ஸ் அதிகாரிகளோடு பேசும்போது, நமக்கு மட்டுமே என்று நினைத்த தொல்லைகள் அங்கும் இருப்பது தெரியும்.

நம்மைக் காத்துக்கொள்ளுதல்

இரவு 11 மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பத்தில் ஒன்பது காலை வரை பொறுக்கும். எது பொறுக்காது என்பதை மாணவர் தலைவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்றவற்றுக்குக் காலை எட்டரைக்குப் பதில் சொல்லலாம். மாணவர்களைக் கவனிக்கும் ஃபெலோவாக விடுதியிலேயே தங்கியிருப்பவருக்கு இது கடினம்; அவர் வாரத்தில் ஓர் இரவையாவது வளாகத்துக்கு வெளியே கழிக்க வேண்டும்.

மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நாங்கள் மூவர் மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடுகிறோம். ஒவ்வொருவரும் பெயர் சொல்லாமல் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், தான் தவறவிட்டது எது என்பதையும் சொல்ல வேண்டும். மேலதிகாரியிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். சம்பளத்தைப் பற்றியும் பேசுகிறோம், மறைக்க வேண்டியதில்லை.

படிப்பும் பதவியும்

முதுகலை படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கவுன்சலராகப் பதிவு பெறும் எண்ணம் இருந்தால் கவுன்சலிங் முதுகலை பொருத்தமானது, வாரியம் ஏற்கும் பாடத்திட்டமா என்பதைச் சேருமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தில் மேலே போக நினைப்பவருக்குக் கல்வி மேலாண்மையோ பொது நிர்வாகமோ போதும். மூன்று ஆண்டு வேலை பார்த்த பிறகு படிப்பது நல்லது, அப்போதுதான் ஆய்வுக்கு உங்களிடம் சொந்தக் கேள்வி இருக்கும். தனியார் நிறுவன ஊழியர் தம் மனிதவளப் பிரிவிடம் ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் செலுத்தும் எச்.ஆர்.டி. கோர்ப் லெவி பற்றிக் கேட்க வேண்டும். அதில் பதிந்து லெவி கட்டும் முதலாளி அந்தப் பணத்தை உங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியும், கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

மலாயில் நல்ல மினிட், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதத் தெரியாமல் இத்துறையில் மேலே போவது கடினம். கூட்டத்தில் ஆங்கிலத்தில் அழகாகப் பேசிய யோசனைகள் மினிட்டில் இடம்பெறாததால் அப்படியே போனதை நான் பல முறை பார்த்தேன். மூத்தவர் ஒருவரின் பழைய மினிட்டுகளை வாங்கிப் படித்து, அவற்றின் கட்டுமானத்தைப் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் அலுவலகம் உங்களைத் தேர்வுப் பிரிவுக்கோ நிதிப் பிரிவுக்கோ மாற்றும் நாள் வரும். முதல் முறை எனக்கு அது தண்டனையாகத் தெரிந்தது. தேர்வுப் பிரிவில் இருந்த ஒன்றரை ஆண்டில்தான், ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எந்தெந்த மேசைகளில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதைக் கண்டேன். திரும்பி வந்தபோது எந்த மேசைக்கு எப்போது அழைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மாற்றல் கடிதம் வந்ததும், அடுத்து வருபவருக்கு நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி வையுங்கள்: நடப்பில் உள்ள வழக்குகள், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கோப்புகள், உதவி கேட்டால் மறுக்காத பிரிவுகளின் தொலைபேசி எண்கள், எந்த மாணவரிடம் எந்தத் தேதியில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல். கடைசிப் பட்டியலில் உள்ள மாணவர்களை, போவதற்கு முன் புதியவரிடம் நேரில் அறிமுகம் செய்து வையுங்கள்.